டெக்சாஸ் போயிருக்கிறாள் என்று சொன்னேன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். என் கைபேசியில் இன்னும் பதிவாகியிருக்கும் நேரம் அது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நேரம். கலிபோர்னியாவில் அப்போது திங்கள் மாலை ஆறு பத்து. அங்கே டப்ளின் என்ற எங்கள் ஊரில் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு பதிவுசெய்த குரல் என்னை அழைத்து, உங்கள் பிள்ளை இன்று ஒரு வகுப்புக்கோ அதற்கு மேலோ வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறது. கேட்க நான் இல்லை. கைபேசி லாக்கரில் இருந்தது. நான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, டிரைவர் இல்லாத லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் என் வேலை. இரும்புத்தாது வெட்டியெடுக்கும் சுரங்கம். பள்ளத்திலிருந்து மேலே தாது சுமந்து வரும் லாரி ஒவ்வொன்றும் இரண்டு மாடி வீட்டு உயரம். உள்ளே ஆள் கிடையாது. திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. பன்னிரண்டு மணி நேரம் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். பயிற்சியின் முதல் நாள் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. ஒரு புள்ளி காரணமில்லாமல் நின்றால் திரை சொல்வதை நம்பக் கூடாது. ஆளை அனுப்பிக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். கல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறதா, எரிந்துகொண்டிருக்கிறதா என்று புள்ளிக்குத் தெரியாது.

வீட்டில் எனக்கு இன்னொரு புள்ளி இருந்தது. மகளின் கைபேசி எங்கே இருக்கிறது என்று காட்டும் நீலப் புள்ளி. டப்ளின் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். பள்ளி, நூலகம், கணக்கு டியூஷன், வீடு. பாலைவனத்தில் சாப்பாட்டு இடைவேளையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், சோற்றை அல்ல.

அன்று பன்னிரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்து பள்ளியின் குரலைக் கேட்டேன்.  உடனே புள்ளியைப் பார்த்தேன். வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டுக் கூரையின் மேல், வலது மூலையில், அவள் அறை இருக்கும் இடத்திலேயே. அட்டெண்டன்ஸ் எடுத்தவர் தப்பாகப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கணவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'ஸ்கூல்லேர்ந்து கால் வந்துது. என்னன்னு கேளுங்க.' ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'கதவு சாத்தியிருக்கு. தூங்கறா போல. காலைல கேக்கறேன்.'

நான் பூசணிக்காயும் வேகவைத்த பீன்ஸும் தின்றுவிட்டு மறுபடி லாரிகளிடம் போனேன்.

இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பவர்களிடம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தேன். இந்த மாதிரி லாரிகளுக்கான சென்சார் செய்யும் கம்பெனி. ஒரு நாள் காலை பத்து மணி மீட்டிங்கில் எங்கள் குழு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் சென்சாரை வாங்கிய சுரங்கத்தில் ஆள் தேவை என்று ஒருவர் சொன்னார். ஐந்து வாரம் அங்கே, மூன்று வாரம் வீடு. போக வர விமானச் செலவு அவர்களுடையது.

டப்ளினில் இது பெரிய வேடிக்கையாகப் போனது. ஒரு கொலுவுக்குப் போயிருந்தபோது சுண்டல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே ஒரு பெண் சொன்னாள்: "எங்க வீட்ல அவருதான் ஊர் ஊரா சுத்துவாரு. உங்க வீட்ல உல்டாவா இருக்கே! அங்க கங்காரு எல்லாம் எப்படி இருக்காங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொருத்தி மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணுக்கு யாருங்க சமைக்கறாங்க?"

சமைப்பதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஓர் அக்கா வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறார். சேலம் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திங்களும் வியாழனும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் குழம்பு, பொரியல், கூட்டு எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டி, மூடியில் பேரெழுதி வைத்திருப்பார். எங்கள் வீட்டு டப்பாவை எடுத்து வருவது மகளின் வேலை. இந்த இரண்டு வருடத்தில் அந்த அக்காவிடம் நான் பேசியது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். உப்பு கொஞ்சம் கம்மியாப் போடுங்க அக்கா, அவருக்கு பி.பி. இருக்கு, அவ்வளவுதான்.

வேலை போனதால்தான் பாலைவனத்துக்குப் போனேன் என்பது முதல் வருடம் உண்மையாக இருந்தது. இரண்டாம் வருடம் பொய்யாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேம்ப்பில் எனக்கு ஓர் அறை. கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டி மாதிரி. ஒரு கட்டில், ஒரு சிறிய ஃபிரிட்ஜ், தண்ணீர் சிக்கனமாக வரும் ஷவர். ஷூவை வெளியே கழற்றிவிட வேண்டும். அதற்குள் போகும் செம்மண் எவ்வளவு தட்டினாலும் போகாது. காலை நாலரைக்கு எல்லோரும் வரிசையில் நின்று ஒரு குழாயில் ஊதி, குடிக்கவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். கழிப்பறைச் சுவரில், நீ போதுமான தண்ணீர் குடிக்கிறாயா என்று நிறத்தை வைத்துச் சொல்லும் அட்டை. வாயைத் திறந்தால் ஈ உள்ளே போகும். கேட்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

ஆனால் ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும்போது யாரோ என் படுக்கையை விரித்து வைத்திருப்பார்கள். நாளைக்கு என்ன டிபன் என்று என்னை யாரும் கேட்க மாட்டார்கள். கணவரின் அம்மா ஊரிலிருந்து கூப்பிட மாட்டார். சாயங்காலம் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எதிரே ஒன்றுமே இல்லை. மண், புல் கொத்துகள், வானம். இருபது நிமிடம் யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு இருபது நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை. அது பிடித்துப்போனது. பிடித்துப்போனதை யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி படுப்பதற்கு முன் வீட்டுக்கு வீடியோ அழைப்பு. அங்கே காலை, அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பத்து நிமிடம். சாப்பிட்டியா? ஃபைன். டெஸ்ட் எப்படி? ஃபைன். காலேஜ் அப்ளிகேஷன் எஸ்ஸே எவ்வளவு முடிஞ்சுது? முக்கால்வாசி. அப்பா எங்க? கீழ. ஓகே, பை. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

அதனால்தான் இது உறுத்துகிறது. இரண்டு வாரத்துக்கு முன், இந்த முறை நான் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஃப்ரீவேயில் பின் சீட்டிலிருந்து அவள் கேட்டாள்: "அம்மா, இந்த தடவை போகாம இருக்க முடியுமா?"

தமிழில் கேட்டாள். அது ஒன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"நத்திங். ஜஸ்ட் ஆஸ்கிங்."

"எஸ்ஸே சப்மிட் பண்றதுக்குள்ள வந்துடுவேன். உக்காந்து சேர்ந்து பார்ப்போம், சரியா?"

"ஓகே."

வண்டி ஓட்டிய கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். நான் பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

செவ்வாய் ராத்திரி அலுப்பில் வீட்டுக்குக் கூப்பிடாமலே தூங்கிவிட்டேன். புதன்கிழமை காலை நாலு மணிக்கு வழக்கம்போல் எழுந்தேன். கணவரிடமிருந்து முந்தின ராத்திரி ஒரே ஒரு தவறிய அழைப்பு. அதன் கீழே, 'எழுந்ததும் கூப்பிடு.' கூப்பிட்டேன்.

"பதட்டப்படாத," என்றார் முதலில்.

"என்னங்க ஆச்சு?"

"பாப்பா ரூம்ல இல்ல."

"இல்லன்னா?"

"காலைல எழுப்பப் போனேன். படுக்கையே கலையல. ராத்திரியே இல்ல போலருக்கு."

"ஃபோன்?"

"டேபிள் மேல. சார்ஜ்ல போட்டிருக்கு."

கூரையின் வலது மூலையில் இருந்த புள்ளி. நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"காலைலன்னா எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ஆறே முக்கால்."

அங்கே இப்போது மத்தியானம் ஒரு மணி. "ஆறு மணி நேரமா எனக்குச் சொல்லலியா?"

"ஒரு தடவை அடிச்சேன். நீ எடுக்கல. தூங்கட்டும்னு விட்டேன். எழுப்பி என்ன பண்றது? அங்கேருந்து நீ என்ன பண்ணப் போற?"

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜில் குழம்பு டப்பா இருந்திருக்கிறது. அவள் கொண்டுவந்து வைத்தது. சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கிறார். மாடியில் கதவு சாத்தியிருந்தது. பதினேழு வயதுப் பெண்ணின் அறைக் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க?"

"ஸ்கூல் பக்கம், லைப்ரரி, ரயில் ஸ்டேஷன், மால் எல்லாம் சுத்திட்டேன். போலீஸ்னா ரெக்கார்ட் ஆயிடும். அப்ளை பண்ற வருஷம். அதுவும் இல்லாம நம்ம தெருவுல வண்டி வந்து நின்னா..."

இங்கே நான் அவரைத் திட்டினேன் என்று எழுத ஆசை. திட்டவில்லை. ஒரு நிமிடம் நானும் யோசித்தேன். பாலைவனத்தில் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி முழுவதும் பெண் எங்கே இருந்தாள் என்று தெரியாத நிலையில், தெருவில் போலீஸ் வண்டி நின்றால் எந்தெந்த வீட்டு ஜன்னல் திறக்கும் என்று யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. பிறகுதான் சொன்னேன்: "இப்பவே போங்க. ஃபோனை வைக்காதீங்க, அப்படியே நடங்க."

எங்களுக்குள் ஒன்று மட்டும் பேசிக்கொண்டோம். யாராவது கேட்டால், டெக்சாஸில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே இரண்டு காலேஜ் பார்க்க. அவர் தங்கையிடமும் அப்படியே சொல்லி வைப்பது. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. இரண்டு பேருக்கும் அது ரொம்ப இயல்பாக வந்தது.

என் சூப்பர்வைசர் அறுபதை நெருங்கும் ஆஸ்திரேலியர். அதிகம் பேசாதவர். விஷயத்தைச் சொன்னதும் மத்தியான விமானத்தில் எனக்கு இடம் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக அவளைக் கண்ணால் பார்த்தது யார்?

எனக்குத் தெரியவில்லை. கணவரைக் கேட்டேன். திங்கள் காலை அவள் வாசலைத் தாண்டும்போது பையின் பின்பக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார்.

பாலைவனத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புவது சாதாரண நாளிலேயே நீளம். சின்ன விமானத்தில் பெர்த், அங்கிருந்து நாட்டின் குறுக்கே சிட்னி, பிறகு கடலைத் தாண்டி சான்பிரான்சிஸ்கோ. சுரங்கத்து விமானத்தில் எல்லோரும் வீடு திரும்பும் குஷியில் இருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞன், மகளின் பிறந்தநாளுக்குப் போகிறேன் என்று கைபேசியில் படம் காட்டினான். உங்களுக்கு? என்று கேட்டான். எனக்கும் ஒரு பெண் என்றேன். ஜன்னல் வழியாகச் சிவப்பு மண் மணிக்கணக்காக ஓடியது. இருபது நிமிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்த மண். ஜன்னல் மூடியை இறக்கிவிட்டேன்.

பெர்த்தில் இறங்கியதும் கணவரின் செய்திகள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினாராம். நண்பர்கள் பட்டியல் கேட்டிருக்கிறார். இவர் இரண்டு பெயர் எழுதினார். அதில் ஒருத்தி போன வருடமே நியூ ஜெர்சிக்கு, வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிபோய்விட்டாள். இன்னொருத்திக்கு எதுவும் தெரியாது. வழக்கமாக வேறு யார் வீட்டுக்காவது போவாளா என்று கேட்டதற்கு, இல்லை, ஸ்கூல், டியூஷன், வீடு என்று சொல்லியிருக்கிறார். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சாப்பாட்டு டப்பா எடுத்து வருவது ஒருவர் வீட்டுக்குப் போவது ஆகுமா?

அவளுடைய லாப்டாப்பைத் திறந்து பார்த்தார்களாம். எஸ்ஸே என்ற கோப்பில் அவள் பெயர் மட்டும் இருந்ததாம்.

சிட்னியில் வியாழன் காலை எட்டு மணி. டப்ளினில் அப்போதும் புதன்கிழமைதான், மத்தியானம் மூன்று. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சும்மா உட்கார முடியவில்லை. யாராவது ஏதாவது கேள்விப்பட்டிருப்பார்களா என்று மோப்பம் பிடிக்க வேண்டும், ஆனால் கேட்டது தெரியக் கூடாது. அப்போதுதான் அந்த அக்காவின் நினைவு வந்தது. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மகளைப் பார்த்திருப்பார். டப்பாவைச் சாக்காக வைத்துப் பேச்சுக் கொடுக்கலாம்.

எடுத்தார்.

"அக்கா, நான்தான், பாப்பாவோட அம்மா. நல்லா இருக்கீங்களா?"

"சொல்லுங்க. நல்லா இருக்கேங்க." குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கை மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. இந்த வியாழக்கிழமை ஒரு ஆளுக்கு மட்டும் போதும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ஒரு ஆளுக்கா?"

"ஆமா, பாப்பா டெக்சாஸ் போயிருக்கா. அத்தை வீட்டுக்கு. அப்படியே காலேஜும் பார்க்கறதுக்கு." நான் ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். "ஜாலியா இருக்கா. ஃபோன் கூட பண்றதில்ல, அத்தை வீட்டுக்குப் போனா எங்களை மறந்துடுவா."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும்.

"அக்கா?"

"இருக்கேங்க. அப்ப சார் இங்கதான் இருக்காரா?"

"ஆமாக்கா, வீட்லதான். ஏன்?"

"இல்ல, வெளியூர்னு நினைச்சேன்." கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம். "நீங்க எப்ப வர்றீங்க?"

"இன்னும் மூணு வாரம் ஆகுமேக்கா."

சரியாக அந்த நேரத்தில் என் தலைக்கு மேல் ஒலிபெருக்கி சான்பிரான்சிஸ்கோ விமானத்தைப் பற்றி அறிவித்தது. ஊர் பெயர் கணீரென்று விழுந்தது.

"என்னங்க பின்னாடி சத்தம்?"

"கேன்டீன்ல டி.வி. அக்கா. சரி, வச்சுடட்டுமா? திங்கக்கிழமை பாப்பா டப்பா எடுக்க வந்தாதானே? கிளம்பற அவசரத்துல மறந்துட்டாளோன்னு..."

"வந்தா," என்றார். வைத்துவிட்டார்.

திங்கள் ஐந்து மணிக்கு இருந்தாள் என்ற ஒரு தகவல் கிடைத்ததை நினைத்து நான் திருப்திப்பட்டேன். சாமர்த்தியமாகக் கேட்டு வாங்கிவிட்டேன் என்று கூட நினைத்தேன்.

அந்த விமானம் ஒரு விசித்திரம். வியாழன் காலை பதினொன்றுக்குச் சிட்னியில் கிளம்பி, அதே வியாழன் காலை ஏழரைக்குச் சான்பிரான்சிஸ்கோவில் இறக்கிவிடும். புறப்பட்ட நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவோம். முன்பெல்லாம் இதை மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: பார், உனக்காக மூன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கணவர் வெளியே நின்றிருந்தார். மூன்று நாள் தாடி. ஒன்றும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பாலத்தைத் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவளுக்குத் தெரியும்."

"எது?"

"ப்ளெசன்டன் வேலை."

நான் முன்பு தள்ளிவைத்த விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில், ப்ளெசன்டனில், ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும்.

"எப்படித் தெரியும்?"

"ஹால்ல இருக்கற டேப்லெட்ல உன் மெயில் திறந்தே இருந்திருக்கு. அப்பவே பார்த்துட்டா போல. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் எங்கிட்ட சொன்னா. கிளாஸ்ல உக்காந்தா மூச்சு முட்டுது, ரெண்டு வாரமா ஸ்கூல்ல பாதி நாள் பாத்ரூம்ல போய் உக்காந்துக்கறேன், அம்மாவை வரச் சொல்லுன்னா. நான் அம்மாவுக்கு வேற வழியில்லடான்னேன். அப்பதான், 'ஷி ஹாட் எ சாய்ஸ்'னு சொல்லி, அந்த மெயிலைக் காட்டினா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் வண்டியை ஒரு வளைவு முழுவதும் திருப்பினார்.

"இதைப் பத்தி அம்மாகிட்ட இப்ப பேசாத, அங்க தனியா இருக்கா, கஷ்டப்படுவான்னு சொன்னேன்."

ஞாயிறு ராத்திரி அப்படிச் சொல்லியிருக்கிறார். திங்கள் அவள் போய்விட்டாள். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடந்து போன ஒவ்வொரு எக்ஸிட்டிலும் யாராவது ஒரு பெண் பையோடு நின்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

வீட்டுக்குள் ஷூவைக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். படுக்கை விரித்தபடி. கைபேசி இன்னும் சார்ஜில். அதைக் கையில் எடுத்தேன். என் கைபேசியில் நீலப் புள்ளி அசையக் கூட இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். செம்மண் கம்பளத்தில் உதிர்ந்திருந்தது.

பதினொன்று இருக்கும். வாசல் மணி அடித்தது. கணவர் எனக்கு முன்னால் ஓடித் திறந்தார். நான் படியில் பாதியில் நின்றேன். போலீஸ் என்று நினைத்தேன்.

அந்த அக்கா நின்றிருந்தார். கையில் டப்பா எதுவும் இல்லை. கார் சாவி மட்டும். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டீங்களா? கேன்டீன்ல சான்பிரான்சிஸ்கோ ஃப்ளைட் கூப்பிடறாங்களேன்னு நேத்தே நினைச்சேன்."

நான் ஒரு படி இறங்கினேன்.

"உங்க பொண்ணு என் வீட்லதாங்க இருக்கா. திங்கக்கிழமை டப்பாவைக் கொண்டுபோய் வச்சிட்டு பையோட திரும்பி வந்தா. அப்பா நியூ ஜெர்சி போறாங்க, மூணு நாள் இருக்கட்டுமா ஆன்ட்டின்னா. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போற பொண்ணு. இருடான்னேன். ஸ்கூலுக்குப் போறேன்னு தினம் கிளம்பிப் போவா, வந்துடுவா. நானும் ஒண்ணும் கேக்கல."

கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு ஃபோன்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன ஃபோனுங்க?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நேத்து நீங்க கூப்பிட்டப்ப அவ என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தா. ஸ்பீக்கர்ல இருந்துது. பொண்ணைக் காணோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். நீங்க டெக்சாஸ்ல ஜாலியா இருக்கான்னு சிரிச்சீங்க. அவ கைல எடுத்த சோறு அப்படியே இருந்துச்சு. அவ சொன்னதும் பொய், நீங்க சொல்றதும் பொய். எந்த வீட்டுக்கு நான் இந்தப் பிள்ளையை அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. அதான் நீங்க வந்து இறங்கட்டும்னு விட்டேன். தப்புன்னா தப்புதான்."

"எங்கக்கா அவ?" என்று கேட்டேன். 

அவர் சாவியால் தெருவின் பக்கம் காட்டினார். எதிர் வீட்டு மரத்தடியில் அவருடைய வெள்ளைக் கார். முன் சீட்டில் ஒரு தலை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் படி இறங்கி வாசலைத் தாண்டப் போனேன். அக்கா என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"இருங்க. இறங்க மாட்டேங்கறா. முதல்ல ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கா. அம்மா என்னைக்குத் திரும்பிப் போறாங்கன்னு தேதி கேட்டுட்டு வாங்க ஆன்ட்டி, அதுக்கு மேல இறங்கறதா வேண்டாமான்னு சொல்றேங்கறா. நான் போய் என்னங்க சொல்லட்டும்?"